கம்பெனி வாடை

போன மாதம் கவிதா போன் செய்தாள். என்னிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். இப்போது பங்சாரில் சொந்தமாக சலூன் வைத்திருக்கிறாள்.

"அக்கா, முடிக்கு எக்ஸ்டென்ஷன் வைக்க வர்றவங்கள என்னென்ன கேக்கணும்னு ஒரு ஃபாரம் எழுதிக் குடுங்களேன். எஸ், நோன்னு டிக் பண்ற மாதிரி. உங்களுக்குத் தெரியாததா லா?"

சரி என்று பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். முதல் கேள்வியை எழுதினேன்: 'உங்கள் உடம்புக்கு ஆகாதது எது?' அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்தக் கேள்வியை நான் ஒரு தாயிடம் கேட்டிருக்கிறேன். அவர் சரியான பதிலைச் சொன்னார். சொல்லியும் அவர் மகள் செத்துப் போனாள். இதில் எங்கே டிக் போடுவது? அதனால் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கவிதா படித்தால் படிக்கட்டும்.

என் அப்பா ரயில்வேயில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு வந்த குடும்பம். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, பரீட்சையில் கோட்டை விட்டு, எழுபதுகளின் நடுவில் ரோசலின் அக்காவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். "கவுண்மேந்து வேலைக்குப் போக வேண்டியவள் கண்ட ஆக்களின்ர தலையைப் பிடிக்கப் போறாள்" என்று அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. முதல் இரண்டு வருஷம் தரை கூட்டினேன், துண்டு துவைத்தேன், தலை கழுவினேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

மாடியில் ஒரே அறை, நான்கு நாற்காலி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். இதுதான் கடை. ரோசலின் அக்கா விதவை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நாம் தப்பு செய்தால் வந்து பக்கத்தில் நிற்பார். கையிலிருக்கும் சீப்பை வாங்கிக்கொள்வார். அந்த வேலையை அவரே முடித்துவிட்டு, சீப்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று முழுக்க அந்தச் சீப்பைத் தொட நமக்குக் கூசும். நாலு வசவு வாங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கல்யாணப் பெண்களுக்குச் சவுரி கட்டுவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. பெண்ணை முதலில் ஜன்னலோரம் உட்கார வைப்பார். சீப்பின் வாலால் வகிடு வகிடாகப் பிரித்து மண்டையைப் பார்ப்பார். புண் இருக்கிறதா, பேன் இருக்கிறதா, எங்காவது வழுக்கை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். சவுரியை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். ஈரம் துளி இருந்தாலும் கட்ட மாட்டார். அடியில் ஈரம் தங்கினால் தோல் வெந்துவிடும். கட்டிய பிறகு பெண்ணின் புருவத்தைப் பார்ப்பார். இழுப்பில் புருவம் மேலே தூக்கியிருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவார்.

ஒரு தபாலாபீஸ் பெண்மணி வருவார். முன்நெற்றியில் முடி குறைகிறது என்று சவுரி. சவுரி இழுத்து இன்னும் முடி போகும். அதை மறைக்க இன்னும் பெரிய சவுரி. ஒருநாள் அக்கா அவர் தலையைப் பார்த்துவிட்டு, "இனிமே உங்களுக்கு நான் கட்ட மாட்டேன் சிஸ்டர். ஆறு மாசம் தலைய சும்மா விடுங்க" என்றார். அந்த அம்மா கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போய், வேறு கடையில் கட்டிக்கொண்டார். சில வருஷம் கழித்துப் பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன். வேகாத வெயிலில் தலையில் ஸ்கார்ஃப் சுற்றியிருந்தார்.

அக்காவிடம் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. வருகிறவர்களிடம் உடம்புக்கு ஆகாதது என்ன என்று கேட்டு அதில் எழுத வேண்டும். "அவங்க சொன்னத சொன்னபடியே எழுது பத்மா. நீ திருத்தாத" என்பார். எனக்கு அங்கேதான் ஒரு திமிர். பள்ளிக்கூடத்தில் தமிழில் நான்தான் முதல். ஜனங்கள் வளவளவென்று சொல்வதைச் சுருக்கி, முத்து முத்தாக எழுதுவேன். என் கையெழுத்தை அக்காவே மெச்சியிருக்கிறார்.

எண்பதுகளின் கடைசியில் ஒட்டுமுடி வந்தது. முடியை வரிசையாக ஒரு பட்டையில் தைத்திருப்பார்கள். அந்தப் பட்டையில் கறுப்புப் பசையைத் தடவி, கொஞ்சம் காயவிட்டு, மண்டையில் வகிடெடுத்து ஒட்டிவிட வேண்டும். எண்ணெய் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். விற்பனைக்காரன் கொண்டுவந்து காட்டியபோது எனக்குக் கண் விரிந்துவிட்டது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "முடியில கட்டலாம். தோலுல ஒட்டக் கூடாது" என்றார். நான்தான் விடாமல் நச்சரித்துச் சம்மதம் வாங்கினேன். அக்கா ஒரு நிபந்தனை போட்டார்: காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைக்க வேண்டும், ஒரு முழு நாள் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். நோட்டில் அதற்கென்று தனிக் கோடு போட்டு, டிக் அடிக்கச் சொன்னார்.

விஜயா வந்தது அதற்கு அடுத்த வருஷம். கிள்ளானிலிருந்து அம்மாவும் மகளும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அம்மா பெயர் அஞ்சலை. கறுத்து மெலிந்த, உறுதியான கைகள். தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டம் கைமாறியதும் டவுன் பக்கம் குடிவந்திருந்தார்கள். விஜயாவுக்கு இருபத்திரண்டு வயது. கையுறை செய்யும் கிளவ் கம்பெனியில் வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அக்கா அன்று கடையில் இல்லை. மகன் வீட்டுக்குப் போயிருந்தார்.

அஞ்சலை மகளின் முக்காட்டை எடுத்துக் காட்டினார். கழுத்துவரைகூட முடி இல்லை. இருந்ததும் நூல் நூலாக இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப இடுப்பு வரைக்கும் சடை மா. அப்புறம் டைபாய்ட் காய்ச்சல் வந்து எல்லாம் கொட்டிருச்சு. மாப்ள வீடு அம்பாங். அந்தம்மா ஒரு மாதிரி. முடி இல்லன்னு தெரிஞ்சா நோயாளிப் பொண்ணுன்னு பேச்சு வந்துரும். தாலி ஏறுற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது மா."

"அம்மா, போதும் லா" என்று விஜயா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த முடியில் சவுரி நிற்காது. ஒட்டத்தான் வேண்டும். நோட்டை எடுத்தேன். "ஏதாச்சும் ஆகாதது இருக்கா ஆன்டி?"

"பால் பட்டா ஆகாது மா. கையெல்லாம் தடிச்சிரும். ரெண்டு தடவ மூச்சுகூட இழுத்துருச்சு."

விஜயாவின் மணிக்கட்டில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள் இருந்தன. அவள் அதை மறு கையால் மூடிக்கொண்டாள்.

நான் எழுதினேன்: 'பால் ஆகாது.' அழகாக, சுருக்கமாக.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மா. அது ஒண்ணுதான்."

காதுக்குப் பின்னால் சொட்டு வைத்தால் மறுநாள் வந்து காட்ட வேண்டும். "கம்பெனில லீவு குடுக்க மாட்டாங்க அக்கா" என்றாள் விஜயா. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. பால்தானே ஆகாது, பசையிலா பாலை ஊற்றி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். சொட்டு வைக்கவில்லை. ஆனால் அக்கா நோட்டைப் பார்ப்பாரே என்று அந்தக் கோட்டுக்கு நேராக டிக் அடித்தேன்.

கல்யாணத்தன்று விடிகாலையில் கிள்ளான் போய்விட்டேன். வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்பதால் விஜயாவை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். பின்னந்தலையில் காதிலிருந்து காதுவரை மூன்று வகிடு எடுத்தேன். பட்டையில் பசையைத் தடவினேன், ஊதிக் காய வைத்தேன், ஒட்டினேன், விரலால் அழுத்தினேன். இரண்டாவது பட்டை ஒட்டும்போது விஜயா மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, எங்க கம்பெனி வாடை அடிக்குது."

"கல்யாணத்தன்னிக்குமா கம்பெனி நெனப்பு? உன்ன கட்டிக்கப் போறவர் பாவம்!" என்றேன். அவளும் சிரித்தாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம். "நான் உள்ள வரட்டுமா மா?" என்றார் அஞ்சலை.

"வேணாம் ஆன்டி. மருந்து வாடை அடிக்கும். முடிச்சுட்டு கூப்புடுறேன்" என்று உள்ளேயிருந்தே சொன்னேன்.

முடித்துச் சடை பின்னி, குஞ்சலம் வைத்து, மல்லிகைச் சரத்தை மேலிருந்து கீழ்வரை சுற்றியபிறகுதான் கதவைத் திறந்தேன். அஞ்சலை மகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். "என் பழைய புள்ள வந்துட்டா மா" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல.

சமையல்காரரிடமும் தனியாகப் போய்ச் சொன்னேன்: "பாலும் பழமும் குடுக்குறப்ப பொண்ணுக்கு மட்டும் பால் வேணாம் அண்ணே. சீனித் தண்ணி வைங்க." எவ்வளவு பொறுப்பான ஆள் நான்!

மண்டபத்து அறைக்குப் போனதும் விஜயா பின்கழுத்தைச் சொறிந்தாள். "அரிக்குது அக்கா." ஊசி குத்துகிறது போல என்று இரண்டு ஊசியை மாற்றிக் குத்தினேன். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. கண் இமைகள் வீங்கின. பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

மூலையில் ஒரு கிளாஸ் இருந்தது. அடியில் பால் கலந்த தேத்தண்ணி. என் தலைக்கு ரத்தம் ஏறியது. "யாரு இத குடுத்தது?"

"நான்தான்" என்றார் சரசு. விஜயாவின் சித்தி, அஞ்சலையின் தங்கச்சி. முந்தின நாள்தான் செமினியிலிருந்து வந்தவர். "வெறும் வயித்துல இருக்காளேன்னு தேத்தண்ணி கலக்கிக் குடுத்தேன்."

"பால் ஆகாதுன்னு அவங்க அம்மாவே என்கிட்ட சொல்லியிருக்காங்க! உங்களுக்குத் தெரியாதா? என்ன காரியம் பண்ணீங்க!" அத்தனை பெண்கள் முன்னால் கத்தினேன். சரசு சுவரைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலை அப்போது கார் தேடி வெளியே ஓடியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், என்ன சாப்பிட்டாள் என்று. "மில்க், டாக்டர். மில்க் அலர்ஜி" என்றேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியது. அஞ்சலை மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நர்ஸ் வேலையிலிருந்த மலாய் மிஸ்ஸி ஒருவர் தலையணையைச் சரி செய்யும்போது சடையைப் பிடித்துப் பார்த்தார். அவிழ்க்கட்டுமா என்று கேட்டார். வாசலில் அம்பாங் சம்பந்தியம்மா நின்றிருந்தார். அஞ்சலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. "பூ மட்டும்தான் மிஸ்ஸி, நான் எடுத்துடுறேன்" என்று முந்திக்கொண்டேன். மல்லிகைச் சரத்தை மட்டும் உருவிக் கையில் சுருட்டிக்கொண்டேன். சடை அப்படியே இருந்தது. ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் மறுபடி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அஞ்சலை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கல்யாணமாகாத பெண் இல்லையா, மணப்பெண்ணாக அலங்கரித்துத்தான் அனுப்ப வேண்டும். "நீங்களே பண்ணிடுங்க மா. ஆனா அந்த முடி வேணாம். எடுத்துடுங்க. அவ முடியோடவே போகட்டும்" என்றார். இனி யாருக்கு மறைக்க வேண்டும்?

பாயைச் சுற்றிச் சேலையைத் திரையாகப் பிடித்தார்கள். நான் விஜயாவின் தலையை மடியில் வைத்து, தேங்காயெண்ணெய் விட்டு, பட்டையை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பட்டை வந்த இடத்தில் தோல் தடித்துச் சிவந்து வரிவரியாக இருந்தது. காதிலிருந்து காதுவரை மூன்று கோடு. நான் எடுத்த வகிடு. ஒரு கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு இருக்கும் முடியை வாரி, எண்ணெயைத் துடைத்து, நெற்றிச்சுட்டி வைத்தேன்.

திரையை எடுத்ததும் ஒரு பாட்டி டம்ளரில் பாலோடு வந்தார். "பெத்தவ கையால ஒரு சொட்டு பால் ஊத்தி அனுப்பு ஆயா" என்று அஞ்சலையிடம் நீட்டினார்.

"பால் வேணாம்!" என்று சரசு அலறினார். "பால்தான் அவள கொன்னுச்சு! நான்தான் குடுத்தேன், பாவி நான்தான் கொன்னுட்டேன்!"

அஞ்சலை திரும்பிப் பார்த்தார். "என்ன பேசுற சரசு? அவ தெனமும் பால் குடிக்கிறவளாச்சே."

"நீதான சொன்னியாம், பால் ஆகாதுன்னு. இந்த அக்காதான் சொன்னாங்க."

அஞ்சலை என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, குழப்பம்தான். "நான் சொன்னது ரப்பர் பால் மா. கம்பெனில கையில படும்ல, அந்தப் பால். பட்டா ஆகாதுன்னு சொன்னேன்."

தோட்டத்துச் சனங்களுக்கு ரப்பர் மரம் பால்மரம், வேலை பால்வெட்டு. இந்த நாட்டுத் தமிழர்களில் இது தெரியாதவர் உண்டா? எனக்கும் தெரியும். ஆனால் தோட்டத்தில் கால் வைக்காமல் வளர்ந்த ரயில்வே கிளார்க் மகளுக்கு, பால் என்றதும் டம்ளர்தான் ஞாபகம் வந்தது. 'பட்டா' என்ற சொல் அங்கே எதற்கு இருக்கிறது என்று நான் யோசிக்கவேயில்லை. திருத்தி எழுதிவிட்டேன்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அஞ்சலை பால் ஊற்றினார். பெட்டியைத் தூக்கினார்கள். நான் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்கு வந்து பசை பாட்டிலின் சின்ன எழுத்தை ஜன்னலோரம் வைத்துப் படித்தேன். ரப்பர் பால் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எத்தனை மாதமாகக் கையாண்ட பாட்டில், ஒருநாள்கூடப் படித்ததில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த டிக் உட்பட. அவர் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு நோட்டையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு என் முன்னால் வைத்தார்.

"கிள்ளானுக்கு ட்ரெயின் எத்தன மணிக்கு?"

"நீங்களும் வாங்க அக்கா" என்று அழுதேன்.

"நான் வந்தா நீ என் பின்னாடி நிப்ப. நீயே போ."

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கடையில் வேலை செய்தேன். அக்கா போனபின் கடையை நானே நடத்தினேன். பசையைத் தொடவில்லை. ஒட்டுமுடியில் என்னென்ன ஆபத்து என்று இப்போது டாக்டர்கள் விளக்கமாகச் சொல்கிறார்கள், புதுப் பசை வந்துவிட்டது, ரப்பர் இல்லை என்கிறார்கள். இருக்கட்டும். எனக்குக் கை வராது.

அக்கா சொன்னபடி நான் போன அன்று, கிள்ளானில் அஞ்சலையும் சரசுவும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். விஜயா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "நான் ஒட்டுன பசையில ரப்பர் பால் இருந்துச்சு ஆன்டி. நீங்க சொன்னத நான் சரியா கேக்கல. சோதிச்சும் பாக்கல. ஆஸ்பத்திரில கேட்டப்ப தப்பா சொல்லிட்டேன். போலீஸ்ல சொல்லுங்க, நான் ஒத்துக்குறேன்."

முதலில் பேசியது சரசுதான். "அப்ப நான் குடுத்த தண்ணி இல்லையா?"

"இல்ல அக்கா."

"நான் குடுத்த தண்ணி இல்லையே?"

"இல்ல. நான்தான்."

சரசு தரையில் உட்கார்ந்து குரலெடுத்து அழுதார். மூன்று நாளாக அந்த அம்மா ஒரு வாய் சோறு தின்னவில்லை என்று அப்புறம் தெரிந்தது.

அஞ்சலை கையை நீட்டினார். பாட்டிலைக் கொடுத்தேன். மூடியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை; பாதி வழியிலேயே கை நின்றுவிட்டது.

"பால்தான்" என்றார். "இருபத்தேழு வருஷம் இந்த வாடையிலதான் மா சோறு தின்னேன். கண்ண கட்டி விட்டாலும் சொல்லுவேன்."

மூடியைத் திருகி, பாட்டிலை என் கையிலேயே திருப்பி வைத்தார். வைத்த கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு கதவ தட்டுனேனே மா. தொறந்திருக்கக் கூடாதா?"